அண்ணி குடித்த வேர்

போன வாரக் கதையில் அண்ணியை மருத்துவமனை வாசலில், கையில் ஒரு தாளோடு நிற்கவைத்துவிட்டு வந்துவிட்டோம். தாளில் இருந்த செய்தி சின்னதுதான். ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் எண்கள் இருக்க வேண்டிய அளவைத் தாண்டி எங்கோ போய்விட்டன. ஆகவே புது மருந்துச் சோதனையில் அவரைச் சேர்க்க முடியாது.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அண்ணிக்கு எண்டோமெட்ரியோசிஸ். கருப்பைக்குள் மட்டும் வளர வேண்டிய சவ்வு அவருக்கு வெளியேயும் வளர்கிறது. மாதாமாதம் உள்ளுக்குள்ளேயே கசிகிறது, வீங்குகிறது, பக்கத்தில் இருப்பதையெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டவைக்கிறது. ஒரு சினைப்பையை ஏற்கெனவே எடுத்தாயிற்று. மிச்சமிருப்பதையும் எடுத்துவிடலாம் என்கிறார் அறுவை மருத்துவர். ஹார்மோன் மாத்திரைகள் ஒத்துக்கொள்ளவில்லை. "புது மருந்து வரட்டும் டாக்டர், அதுவரைக்கும் கத்தியை உறையிலயே வைங்க" என்று அண்ணி நாளைத் தள்ளிக்கொண்டே வந்தார்.

அந்தப் புது மருந்தைச் செய்தது வேறு யாருமில்லை. அவருடைய நாத்தனார்.

வீட்டில் அவளுக்குக் குட்டி என்று பெயர். நாற்பதைத் தொடப்போகிறாள், காதோரம் நரைகூட எட்டிப்பார்க்கிறது, ஆனாலும் குட்டிதான்.

மறுநாள் காலை, வேலைக்குப் போகிற வழியில் அவள் அண்ணனின் கடைக்குள் நுழைந்தாள். கீழே கடை, மேலே வீடு. கடை முழுக்க முதுகு திறந்து கிடக்கும் ஃப்ரிட்ஜுகள். அண்ணன் ஒரு கம்ப்ரஸரின் மேல் காதை வைத்து, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"உட்காரு" என்றார், கண்ணைத் திறக்காமலே.

"எங்க உட்கார? ஃப்ரீஸர்லயா?"

அண்ணன் சிரிக்கவில்லை. எழுந்து, பழந்துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்க வேண்டிய அழுக்கு போன பிறகும் துடைத்தார்.

"சொல்லுண்ணா. எதுக்கு வரச்சொன்ன?"

"அந்த மருந்து. நாற்பத்தொண்ணு. உங்க லேப்ல எடுத்து வச்சிருப்பீங்கல்ல?"

குட்டிக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஒரு செடியின் வேரிலிருந்து எடுத்த பொருளை அவள் மாற்றி மாற்றிச் செய்ததில் நாற்பத்தொன்றாவது வடிவம்தான் தேறியது. அதனால் வீட்டிலும் அதற்கு நாற்பத்தொண்ணு என்றே பெயர், ஏதோ பஸ் நம்பர் மாதிரி.

"இருக்கு. அதுக்கென்ன?"

"கொஞ்சூண்டு. ஒரு மாசத்துக்கு ஆகிற மாதிரி. யாருக்குத் தெரியப்போகுது?"

"அண்ணா, பக்கத்து வீட்ல உப்பு வாங்கற மாதிரியா கேக்கற?"

"உன் கையால செஞ்சதுதானே? செஞ்சவளுக்கு ஒரு சிட்டிகை எடுக்க உரிமை கிடையாதா?"

"லிவர் சரியில்லாதவங்களுக்குக் குடுக்கவே கூடாதுன்னு விதி எழுதினதும் இந்தக் கைதான்."

அண்ணன் அவளை ஒரு பார்வை பார்த்தார். சின்ன வயதில் அவளுக்காக யாரோடோ மல்லுக்கு நின்றுவிட்டு வந்து, நன்றி எதிர்பார்த்து நிற்பாரே, அந்தப் பார்வை. பிறகு முதுகைக் காட்டிக்கொண்டு கம்ப்ரஸருக்கே திரும்பினார்.

"சரி, போ. பெரிய படிப்பு படிச்சவ. என் பொண்டாட்டியை எனக்குப் பாத்துக்கத் தெரியும்."

குட்டி மாடிப்படி ஏறினாள்.

அண்ணி திரைச்சீலை தைக்கும் கடையில் துணி வெட்டுகிறவர். நாள் முழுக்க நின்றுகொண்டே செய்கிற வேலை. நிற்க முடியாத நாட்களில் ஓரம் மடிக்கிற வேலையை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். இன்று அந்தத் துணிக்குவியலில் நெற்றியைப் பதித்து, முழங்காலை மடக்கிக் கவிழ்ந்து கிடந்தார். வலி வரும்போது அவருக்குக் கொஞ்சமாவது தாங்குகிற நிலை அது ஒன்றுதான். சோதனையில் சேர வலி மாத்திரைகளை விட்டிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அதையும் விட்டு மாதக்கணக்கில் ஆகிறது.

"யாரு, குட்டியா? உன்னைத்தான் விழுந்து கும்பிடறேன்னு நினைச்சுக்கோ. ஆசீர்வாதம் பண்ணிட்டு டீ போட்டுக் குடி."

"எழுந்திருக்காதீங்க அண்ணி. வெந்நீர்ப் பை எங்க?"

"அடுப்புப் பக்கத்துல."

குட்டி சமையலறைக்குப் போனாள். வெந்நீர்ப் பை இருந்தது. அதன் பக்கத்தில், கழுவிக் கவிழ்த்த ஒரு கண்ணாடி டம்ளர். டம்ளரின் அடியில் வட்டமாக ஒரு ஊதாக் கறை.

அவள் டம்ளரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

அந்த நிறம் அவளுக்குத் தெரியும். அவளுடைய வெள்ளைக் கோட்டுகளின் கைநுனிகளில் எந்தச் சோப்புக்கும் மசியாமல் உட்கார்ந்திருக்கும் நிறம். அவள் மருந்து எடுக்கிற அந்த வேரின் நிறம். துருப்பிடித்த இரும்பின் மணம் லேசாக வரும். முகர்ந்து பார்த்தாள். வந்தது.

ஃப்ரிட்ஜைத் திறந்தாள். கதவுத் தட்டில், சின்னச் சின்ன பாட்டில்களில் ஊதாத் தண்ணீர் வரிசை கட்டி நின்றது.

ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

"அண்ணி, என்ன இது?"

அண்ணி தலையைத் தூக்கிப் பார்த்தார். மறுபடியும் துணியில் முகத்தைப் பதித்துக்கொண்டார்.

"உங்க அண்ணன் கலக்கி வைக்கிற தண்ணி."

"எத்தனை நாளா?"

"கோடைக்கு முன்னாடியிலிருந்து."

"ஒரு நாளைக்கு ஒரு பாட்டிலா?"

"ஒண்ணா? உங்க அண்ணனைப் பத்தித் தெரியாதா உனக்கு? அலாரம் வச்சிருக்கார். கடையில ஆள் நின்னாலும் நிக்கவச்சுட்டு மேல வந்து, நான் குடிச்சு முடிச்சதைப் பாத்துட்டுத்தான் இறங்குவார். தூக்கத்துலகூட எழுப்பிக் குடுப்பார். கைக்குழந்தைக்குப் பால் குடுக்கிற மாதிரி."

"ஆஸ்பத்திரில கேட்டாங்கதானே, வேற ஏதாவது மருந்து எடுத்துக்கறீங்களான்னு?"

"மருந்தான்னுதானே கேட்டாங்க. துரு வாசனை அடிக்கிற தண்ணியைப் போய் மருந்துன்னு யாராவது சொல்வாங்களா?" என்று ஆரம்பித்த அண்ணி நடுவிலேயே குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தெரிஞ்சுதான் சொல்லல குட்டி. சொன்னா நிறுத்தச் சொல்லிடுவாங்க. அப்புறம் அவர் என்ன பண்ணுவார்?"

"வலி குறைஞ்சுதா?"

"எனக்கா? இல்ல. நான் குடிச்சா அவருக்குக் கொஞ்சம் குறையுது."

குட்டி பாட்டிலைப் பிடித்தபடியே நின்றாள். கீழே அலாரம் அடித்தது. தொடர்ந்து படியில் காலடி. அண்ணன் உள்ளே வந்தார், தங்கையின் கையில் இருந்ததைப் பார்த்தார், நின்றுவிட்டார்.

"மூளை கழண்டுபோச்சா உனக்கு?" என்றாள் குட்டி.

"ஏன் கத்தற? நீ சொன்னதைத்தானே செஞ்சேன்!"

"நான் சொன்னேனா?"

"நீதான். இதே வீட்ல, சாப்பிட உட்கார்ந்தப்ப சொன்ன. வேர்ல இருக்கிற சரக்கு நல்ல சரக்குதான், ஆனா வயித்துக்குள்ள போனா ஒரு மணி நேரம் தாங்காது, லிவர் பிடிச்சு வெளிய தள்ளிடும்னு. சொன்னியா இல்லியா?"

சொல்லியிருந்தாள். வேர்ப்பொருளின் ஒரு மூலையைக் கல்லீரல் பிடித்துக்கொள்ளும், அந்த மூலையை மூடிவிட்டால் நாளெல்லாம் உடம்பில் தங்கும், நாற்பத்தொன்றில் அதைத்தான் செய்திருக்கிறோம் என்று, பெருமை பிடிபடாமல், சாப்பாட்டுத் தட்டின் ஓரத்தில் விரலால் படம்கூடப் போட்டுக் காட்டியிருந்தாள்.

"கேஸ் லீக் ஆகுதுன்னா நான் என்ன பண்ணுவேன்? ஓட்டை எங்கன்னு பிடிபடலேன்னா, பெட்டி சூடாகாம இருக்கணுமேன்னு விடாம ஏத்திக்கிட்டே இருப்பேன். அது மாதிரிதான். அது தள்ளத் தள்ள நான் ஊத்தினேன். அளவு இறங்கவே விடல." அண்ணன் குரலில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. "கண்ட இடத்துலயும் வாங்கல. உன் கார்ல ஒரு பெட்டி இருந்துச்சே, லேப் பெட்டி, அது மேல போட்டிருந்த பேரைப் பாத்து அதே ஆள்கிட்டதான் பொடி வாங்கினேன்."

குட்டி பாட்டிலைக் கீழே வைத்தாள். அண்ணன் சொன்ன ஒரு வார்த்தை அவளுக்குள் போய் மாட்டிக்கொண்டது.

அளவு இறங்கவே விடல.

அந்த வேரை எப்போதாவது வாயில் போட்டு மென்றவர்கள் எத்தனையோ பேர். யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை. ஆவதற்குள் உடம்பு அதை வெளியே தள்ளிவிடும். அண்ணியின் உடம்புக்கு அந்த அவகாசமே கிடைக்கவில்லை. பகலும் இரவும், மாதக்கணக்கில், வேர்ப்பொருள் அவர் ரத்தத்தில் ஒரே மட்டத்தில் நின்றிருக்கிறது. நாற்பத்தொன்றைச் சாப்பிட்டால் எப்படி நிற்குமோ, ஏறக்குறைய அப்படி.

எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அதைவிடப் பெரிய பிராணிகளுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். அவற்றின் கல்லீரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மனிதக் கல்லீரல் எதுவும் இதுவரை நாற்பத்தொன்றைப் பார்த்ததில்லை. வருகிற திங்கட்கிழமைதான் முதல் பெண்கள் அதை விழுங்கப்போகிறார்கள்.

"மீதிப் பொடி எங்க?"

"எதுக்கு? போலீஸ்ல குடுக்கப்போறியா?"

"மிஷின்ல குடுக்கப்போறேன். எடு."

அண்ணன் அலமாரியிலிருந்து பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார். "எல்லாத்தையும் கொட்டிடணும், இனிமே ஒரு சொட்டுகூடக் கூடாது" என்று குட்டி சொன்னபோது அவர் அண்ணியைப் பார்த்தார். அண்ணி துணி ஓரத்தில் நூல் பிரிப்பது போல் குனிந்துகொண்டார்.

ஆய்வகத்தின் தலைமை ஒரு வயதான அம்மாள். எந்தச் சொல்லையும் நிறுத்துப் பார்த்தே வெளியே விடுவார் என்பதால் பின்னால் எல்லோரும் அவரைத் தராசு என்பார்கள். சோதனைக்குத் தன் அண்ணி மனுப்போட்டிருப்பதைக் குட்டி ஆரம்பத்திலேயே அவரிடம் எழுதிக் கொடுத்து, நோயாளிகள் பக்கமே போகாமல் ஒதுங்கியிருந்தாள். இன்று தானாகவே அவர் அறைக்கதவைத் தட்டினாள்.

தராசு முழுவதையும் கேட்டார். குறுக்கே பேசவில்லை. கடைசியில், "பொடியில ஏதாவது கலந்திருக்கலாம்" என்றார்.

"அதைத்தான் முதல்ல பாக்கணும் மேடம்."

கலப்படமாக இருக்கட்டும். பொடியைக் கரைத்து, வடிகட்டி, அதில் என்னென்ன இருக்கிறது என்று பிரித்துக் காட்டும் கருவிக்குள் அனுப்பும்போது குட்டிக்கு மனதில் இருந்தது அது ஒன்றுதான். எவனோ ஒரு வியாபாரி பேராசையில் வேறு எதையோ அரைத்துக் கலந்திருக்கட்டும். வழக்குப் போடலாம், திட்டலாம், சபிக்கலாம். நாற்பத்தொன்று தப்பித்துக்கொள்ளும்.

கருவி மெதுவாகக் கோடு போட்டது. ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. ஆய்வகத்தின் சொந்த இருப்பில் இருந்த வேரையும் எடுத்து ஓட்டினாள். இரண்டு வரைபடங்களையும் திரையில் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தாள்.

ஒரே மலைத்தொடரை ஒரே கை இரண்டு முறை வரைந்தது போல் இருந்தது. ஒரு மேடு கூடவில்லை, ஒரு மேடு குறையவில்லை.

அண்ணன் ஏமாறவில்லை. நல்ல சரக்காகப் பார்த்துத்தான் வாங்கியிருந்தார்.

பொடியில் உலோக நச்சு இருக்கிறதா என்றும் பக்கத்து ஆய்வகத்தில் பார்த்தார்கள். இல்லை.

"வலி மாத்திரையும் லிவரைக் கெடுக்குமே?" என்றார் தராசு.

"நம்ம நிபந்தனைக்காக எப்பவோ விட்டுட்டாங்க மேடம்."

தராசு கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "நீங்க வந்து சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது."

"எனக்குத் தெரிஞ்சிருக்குமே மேடம்."

அவர் போனை எடுத்தார். மருத்துவமனைக்குப் பேசினார். திங்கட்கிழமை யாருக்கும் மருந்து கொடுக்க வேண்டாம், காரணம் எழுத்தில் வரும் என்றார். எட்டு வருஷ வேலை அந்தச் சின்னப் பேச்சில் நின்றது. குரலில் ஏற்றமுமில்லை, இறக்கமுமில்லை.

போனை வைத்துவிட்டு, "உங்க அண்ணிக்கு வேர்த்தண்ணி நிக்கட்டும். ரெண்டு வாரம் கழிச்சு ரத்தம் எடுப்பாங்க" என்றார். "எண் இறங்கிச்சுன்னா..."

"வேர்தான் காரணம்."

"வேர்னா நாற்பத்தொண்ணும்தான். இறங்கலேன்னா, வேர் மேல தப்பில்ல. ஆனா அவங்க லிவருக்கு நம்ம கண்ணுக்குத் தெரியாத வேற ஏதோ பெரிய கோளாறு." தராசு அவளை நிமிர்ந்து பார்த்தார். "வீட்டுக்குப் போங்க. இன்னிக்கு இங்க உங்களுக்கு வேலை இல்ல."

வெயில் சாய்வதற்குள் குட்டி மறுபடியும் அண்ணனின் கடைக்கு வந்துவிட்டாள். அண்ணன் வேலை செய்யவில்லை. கம்ப்ரஸர் காலையில் கிடந்த இடத்திலேயே கிடந்தது.

"கலப்படமா?" என்றார் அவளைப் பார்த்ததும்.

பொய் சொல்லிவிடலாம். ஒரு தலையாட்டல் போதும். ஆனால் அவள் பார்த்த கோடுகள் அவள் கண்ணுக்குள்ளேயே நின்றன.

"இல்லண்ணா. சுத்தமான வேர்."

அண்ணன் பக்கத்தில் இருந்த பெட்டியின் மேல் உட்கார்ந்தார்.

"அப்ப நான்தான் பண்ணினேன்."

"இன்னும் நிச்சயமாத் தெரியாது. ரத்தம் பாக்கணும்." குட்டி அவர் எதிரில் குந்தி உட்கார்ந்தாள். "நீ பண்ணினது தப்புதான். ஆனா ஒண்ணு சொல்றேன் கேளு. இது தெரியாமலே போயிருந்தா திங்கட்கிழமை அத்தனை பொண்ணுங்களுக்கும் நாங்களே குடுத்திருப்போம். உன்னாலதான் நின்னுச்சு. அவங்களுக்கு ஒண்ணும் ஆகல."

அண்ணன் பழந்துணியை எடுத்து மறுபடியும் கையைத் துடைத்தார்.

"அவங்க யாரும் என் பொண்டாட்டி இல்லையே குட்டி" என்றார்.

குட்டி அவர் தோளைத் தொட்டுவிட்டு மாடிக்கு ஏறினாள்.

அண்ணி எழுந்து உட்கார்ந்திருந்தார். முகம் கழுவி, தலை வாரியிருந்தார். மடித்து முடித்த திரைச்சீலைகள் பக்கத்தில் அடுக்கியிருந்தன. குட்டி எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னாள். கருவி, கோடு, தராசு, போன், எல்லாம். அண்ணி குறுக்குக் கேள்வி கேட்டுக் கேட்டுத் தெளிவாக்கிக்கொண்டார், ஜன்னல் அளவெடுக்கிற மாதிரி.

"இரு, இரு. எண் இறங்கினா?"

"வேர்தான் காரணம்னு அர்த்தம். மருந்து அவ்வளவுதான். முதல்லேருந்து ஆரம்பிக்கணும்."

"இறங்கலேன்னா?"

"மருந்துமேல பழி இல்ல. மத்தவங்களுக்குக் கிடைக்கும். உங்களுக்கு..." குட்டி நிறுத்தினாள். "உங்க லிவர் அப்படியேதான் இருக்கும். உங்களுக்குக் குடுக்க மாட்டாங்க. மயக்க மருந்துக்கும் யோசிப்பாங்க, ஆபரேஷனும் தள்ளிப்போகும்."

"அடேயப்பா" என்றார் அண்ணி. "எந்தப் பக்கம் திரும்பினாலும் எனக்குன்னு ஒண்ணும் இல்ல. நல்லா வெட்டினீங்க துணியை."

குட்டிக்குச் சிரிப்பு வரவில்லை. அண்ணிக்கும் வரவில்லை.

"நீ எது நடக்கணும்னு வேண்டிக்கப்போற?"

"நீங்க தேறணும்னு."

"உடனே சொல்லாத. யோசிச்சுச் சொல்லு. உன் எட்டு வருஷம்."

குட்டி மடித்த திரைச்சீலையின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தாள்.

"வர்ற வழியெல்லாம் யோசிச்சேன் அண்ணி. சிக்னல்ல நின்னுக்கிட்டிருந்தேன். அப்ப ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், இறங்கக் கூடாதுன்னு நினைச்சுட்டேன். உங்க எண் அப்படியே இருக்கட்டும்னு." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "செருப்பால அடிங்க என்னை."

அண்ணி அடிக்கவில்லை. அவள் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"இதுக்கா அழற? நீ சொல்லி முடிக்கிறதுக்குள்ள நானும் அதையேதான் நினைச்சேன்."

"நீங்களா? நீங்க எதுக்கு?"

"இறங்கினா உங்க அண்ணன்தான் பண்ணினார்னு ஆயிடுமே."

வெளியே தெருவில் யாரோ ஒரு கடையின் இரும்புக் கதவை இழுத்து மூடினார்கள். கீழேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. குட்டி அண்ணியின் முகத்தைப் பார்த்தாள். காலையில் இருந்த கலக்கம் அதில் இல்லை. ஏதோ தீர்மானித்துவிட்டவர் முகம் போல் அமைதியாக இருந்தது. அந்த அமைதிதான் அவளை உலுக்கியது. தண்ணீர் நிற்காவிட்டால் எண்ணும் இறங்காது.

"அண்ணி, அந்தத் தண்ணியை எல்லாம் கொட்டியாச்சுதானே?"

அண்ணியின் பார்வை சமையலறைப் பக்கம் போய்த் திரும்பியது.

"நான் போய்ப் பாத்துட்டு வர்றேன்" என்று குட்டி எழப்போனாள். எழ முடியவில்லை. அண்ணியின் பிடி இறுகியது.

"இரு குட்டி. வலி வருது. கொஞ்ச நேரம் என்கூட இரு."

வலிதானா, வேறு ஏதாவதா? இத்தனை வருஷம் அண்ணியின் வலியை முகம் பார்த்தே சொல்லிவிடுகிற குட்டிக்கு, இன்றைக்குச் சொல்லத் தெரியவில்லை. கையை விடுவித்துக்கொள்ளவும் மனம் வராமல், அப்படியே உட்கார்ந்தாள்.